உருள்பொட்டல் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

2012 மே மாதம், கல்யாணமான மூன்றாவது வாரத்தில் நானும் மனைவியும் வயநாடு போயிருந்தோம். மேப்பாடியில் ஜீப் பிடித்து சூரல்மலை, முண்டக்கை, சூச்சிப்பாறை அருவி என்று நான்கு நாள். முண்டக்கை ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து எடுத்த படம் பன்னிரண்டு வருஷம் எங்கள் ஹாலில் தொங்கியது. 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவுச் செய்தி வந்ததும் மனைவி அதைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். மறுபடி மாட்டலாம் என்கிறேன் நான். அத்தனை பேர் செத்த இடத்தில் நாம் சிரிக்கிற படம் வேண்டாம் என்கிறாள் அவள். யார் சொல்வது சரி? எங்கள் சொர்க்கம் ஒரே ராத்திரியில் இல்லாமல் போனதை இன்னும் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ரிசார்ட்டுகளால்தான் இப்படி ஆனதா? பாட்டியையும் பேத்தியையும் காட்டு யானை காவல் காத்ததாகப் படித்தேனே, உண்மையா? படத்தை செல்போனில் எடுத்து இணைத்திருக்கிறேன்.

ரவி, திருப்பூர்

அன்புள்ள ரவி,

யானையை விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டி சொன்னதை நானும் படித்தேன். அவர் நம்புகிறார், அது போதும்.

உங்கள் படத்தை இரண்டு நாளாக மூடாமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. நிலச்சரிவு.

தோளிலிருந்து முந்தானை சரிகிறது. அடுக்கிய மூட்டை சரிகிறது. தக்காளி விலை சரிகிறது. மழைக்காலத்தில் ரோட்டோரம் மண் சரிந்து ஊட்டி பஸ் இரண்டு மணி நேரம் நிற்கும், ஜேசிபி வந்து ஒதுக்கிவிட்டுப் போகும். சரிவு என்றால் தமிழில் அவ்வளவுதான், ஓர் அலுப்பு. முண்டக்கையில் நடந்ததற்கும் அதே சொல்லையா போடுவது?

மலையாளத்தில் உருள்பொட்டல் என்பார்கள். உருள் என்பது மலையிலிருந்து உருண்டு வருவது. பொட்டல் என்றால் உடைதல், வெடித்தல். இந்தச் சொல்லை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சின்னம்மா வாயிலிருந்து வந்தது.

கூடலூர்க்காரி நான். சின்னம்மாவை முண்டக்கையில் எஸ்டேட் வேலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடை லீவுக்கும் பந்தலூர், சேரம்பாடி, வடுவஞ்சால், மேப்பாடி என்று பஸ் மாறி மாறிப் போவோம். பாடி என்று அங்கே சொல்கிற லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் கலந்து ஒரு துணியில் முடிந்து கையில் கொடுப்பார். சாயங்காலம் கட்டன் சாயா, அவித்த கப்பை (மரவள்ளிக் கிழங்கு), காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்). உங்களுக்குச் சொர்க்கம் நான்கு நாள்தான், ரவி. எனக்கு வருஷத்துக்கு நாற்பது நாள்.

1985இல் எனக்கு அம்மை போட்டு, ஜூனிலும் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. மழைக்கால முண்டக்கையை அப்போதுதான் பார்த்தேன். காலையில் எழுந்ததும் சின்னம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். வெள்ளை எனாமல் குவளையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்குவார். ஒரு குவளை மொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். ஊற்றிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். எதற்கு என்று கேட்டேன். "தண்ணி கலங்கி மண்ணு மணந்தா மேல எங்கயோ உருளு பொட்டியிருக்குன்னு அர்த்தம். கலங்குனா பயப்படணும். நின்னுபோச்சுன்னா ஓடணும்."

நின்றுபோனால் எதற்கு ஓட வேண்டும் என்று பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. மேலே மரமும் பாறையும் விழுந்து ஓடையை அடைத்தால் கீழே தண்ணீர் வற்றும். அடைப்பின் பின்னால் தேங்கி, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். சின்னம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். முந்தின வருஷம், 1984 ஜூலையில், அதே முண்டக்கையில் உருள்பொட்டி 14 பேர் செத்திருந்தார்கள். அந்தக் குவளை அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

இப்போது 2024க்கு வாருங்கள். பக்கத்துக் கல்லாடியில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1400 மில்லிமீட்டர்தான். பாறைமேல் போர்த்திய மண் இனி ஒரு சொட்டும் குடிக்க முடியாத நிலைக்கு வந்து, சுமார் 1550 மீட்டர் உயரத்தில், நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தது. சரிந்த மண் அடிவாரத்தில் குவிந்து கிடக்கும். இது குவியவில்லை. வீடு உயரப் பாறைகளையும் வேரோடு மரங்களையும் வாரிக்கொண்டு கூழாக எட்டு கிலோமீட்டர் ஓடியது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை. (புஞ்சிரி என்றால் புன்சிரிப்பு. ஊர்ப் பெயரைப் பாருங்கள்.) விடிவதற்குள் மறுபடியும் வந்தது. நீங்கள் குளித்த சூச்சிப்பாறை அருவி வழியாக இறங்கி, சாலியாற்றில் சேர்ந்து, மலப்புரம் மாவட்டத்தில் போத்துகல், நிலம்பூர் பக்கமெல்லாம் உடல்கள் கரையொதுங்கின. சரிவா இது?

சூரல்மலையில் ஒரு பாலம் இருந்தது, நினைவிருக்கும். சின்ன வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓடிக் கடந்துவிடுவேன். அது போன இடத்தில் ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் போட்ட பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைப் பூட்டி அவசரத்துக்குப் போடுவது) 190 அடி. ஓடை அத்தனை அகலமாகிவிட்டது. அந்தப் பாலம் வருவதற்கு முன்னால் எங்கள் கூடலூர்ச் செவிலியர் ஒருவர் ஜிப்லைன் என்கிற கயிற்றில் தொங்கிக்கொண்டு அக்கரை போய்க் காயத்துக்கு மருந்து போட்டார். தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எங்கள் ஊர் என்பதால் சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கும் மண்சரிவு என்றுதான் எழுதினோம், பஸ் நின்றதற்கும் மண்சரிவு என்றுதான் எழுதுகிறோம். எங்கள் பக்கத்தில் ஓடைக்கரையில் வீடு கட்டுகிறவரிடம் "சரிவு வருமே" என்றால் "தடுப்புச் சுவர் வைக்கிறேன்" என்கிறார். உருள் வரும் என்று சொன்னால் சுவரைப் பற்றிப் பேசுவாரா? புதுச்சொல் ஒன்று ஆக்கலாமே என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். குழம்புப்பாய்ச்சல் என்று வந்தது. சாப்பாட்டு ஞாபகம்தான் வந்தது, அடித்துவிட்டேன். உருள் என்பது நம் வேர்ச்சொல்தானே, அப்படியே எடுத்துக்கொள்வோம். பொட்டலும் நமக்குப் புதிதில்லை, பொருள்தான் வேறு. நமக்குப் பொட்டல் என்றால் ஒன்றும் முளைக்காத வெட்டவெளி. சூரல்மலைக் கடைத்தெருப் பக்கம் இப்போது கிடப்பது இரண்டு மொழிக்கும் பொதுவான பொட்டல்.

ரிசார்ட் பற்றிக் கேட்டீர்கள். உடைந்த இடம் ஊருக்கு மேலே, காட்டுக்குள். அங்கே ரிசார்ட்டும் இல்லை, குவாரியும் இல்லை. பருவநிலை மாற்றத்தால் அன்றைய மழை ஏறக்குறைய 10 சதவீதம் கனத்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் 1984இல் உருள் வந்த ஊரிலேயே, ஓடையை ஒட்டி மறுபடி இத்தனை கட்டடம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். 2019 ஆகஸ்டில் பக்கத்துப் புத்துமலையிலும் பொட்டி 17 பேர் போனார்கள். அதற்கப்புறமும் அறைகளுக்கு புக்கிங் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க வழி சொல்ல மத்திய அரசு அமைத்த காட்கில் குழு 2011இலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. இதற்குமேல் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

அந்த ‘அதே இடத்தில் ஒரு படம்’. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே கேரள போலீஸ், வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்று கெஞ்சவேண்டியிருந்தது. 2024இல் செத்தவர்களைப் புத்துமலையில் எஸ்டேட் நிலத்தில் வரிசையாகக் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். பல குழிகளின் மேல் பெயருக்குப் பதிலாக வெறும் எண். டிஎன்ஏ பொருந்திய பிறகுதான் சிலவற்றுக்குப் பெயர் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருந்ததும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அங்கே கூட்டிப்போங்கள், செல்போனை ஜீப்பிலேயே வைத்துவிட்டு. ஆற்றங்கரைக்கு வேண்டாம்.

‘எங்கள் சொர்க்கம்’ என்று எழுதியதற்கும் திட்டலாம் என்று இருந்தேன். வேண்டாம், விடுங்கள். புதுமாப்பிள்ளையாகப் பார்த்த ஊர், அப்படித்தான் சொல்ல வரும். எனக்கும் அந்த நாற்பது நாள்கள் அப்படித்தான். உள்ளங்கை முழுக்கக் கொழுந்துக் கறையோடு வருகிற சின்னம்மாவுக்கு அது சொர்க்கமா என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

அவர் வேலையிலிருந்து நின்று, பந்தலூரில் மகன் வீட்டோடு இருந்து, 2011இல் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் பார்க்கவில்லை. ஜூலை 30 அன்று நான் டிவியில் அந்த லைனைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் படம், டிரோன் படம், முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படம் எல்லாம் பார்த்தேன். எது எங்கே இருந்தது என்று பிடிபடவில்லை. என்னிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு எங்களிடம் கேமரா ஏது?

படத்தை மாட்டுவதா வேண்டாமா என்பதை மனைவியிடமே விட்டுவிடுங்கள். ஆனால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். படத்தில் உங்கள் மனைவியின் இடது தோளுக்குப் பின்னால், தேயிலைச் சரிவுக்கு மேலே, ஒரு தகரக் கூரை வரிசை தெரிகிறது. கடைசிக் கூரையை ஒட்டி ஒரு மரம். சின்னம்மா வீட்டோரம் ஒரு பலா நின்றது, அவர் வைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைப் பச்சையாகக் கட்டம் கட்டமாக உடைகிறது, பலாவா சில்வர் ஓக்கா என்று தெரியவில்லை. பீரோவிலிருந்து எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, கடையில் கொடுத்து நன்றாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெயிலில்.

அன்புடன்,
அக்கா