கேளுங்கோ, சொல்லுறன்: சின்னப் பிள்ளையோட திருகோணமலை டவுனில தங்கிறது

ஓகஸ்ட் லீவு கிட்ட வருது, அதால இந்த இதழுக்கு வந்த கேள்வி எல்லாம் ஒண்டையே சுத்தி நிக்குது. பிள்ளையத் தூக்கிக்கொண்டு எங்கட ஊருக்கு வாறம், எங்க தங்கிறது, எப்பிடித் தங்கிறது எண்டு. நல்லம், வாங்கோ. ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, எங்கட மகளுக்கு ஒண்டரை வயசு. கோணேஸ்வரத்துக்கு ஒரு நேர்த்தி இருக்கு, மாமியும் கூட வாறா. இவர் நிலாவெளியில பீச் ஹோட்டல்தான் எண்டு நிக்கிறார், அவ்வளவு தூரம் போய் டவுனுக்குள்ள சனத்துக்கு நடுவிலயோ படுக்கிறது எண்டு கேக்கிறார். எனக்கெண்டால் டவுன் வசதி போலக் கிடக்கு. மூண்டு நாள் பயணம். நீங்க சொன்னால் கேப்பார். (ஒரு அம்மா, வெள்ளவத்தை)

பதில்: டவுன்தான் தங்கச்சி. அவர் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியட்டும், பின்னேரம் கடலைக் காட்டினால் சரியாயிடும்.

நிலாவெளி வடிவுதான், நான் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா டவுனில இருந்து கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர். உங்கட வேலை கோயில், கோட்டை, மாமிக்கு மருந்துக்கடை, பிள்ளைக்குப் பம்பர்ஸ், இதெல்லாம் டவுனுக்குள்ள கிடக்கு. ஒண்டரை வயசுப் பிள்ளையோட ஒரு பயணம் நல்லாப் போகுதா நாசமாப் போகுதா எண்டு முடிவெடுக்கிறது மத்தியான நித்திரைதான், வேற ஒண்டுமில்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறும், பிள்ளை கண்ணைக் கசக்கும், அந்த நேரம் ஓட்டோவில ஏறி பத்து நிமிஷத்தில ரூமுக்கு வந்து ஏசியப் போட்டு யன்னல் திரையை இழுத்து மூடிப் படுக்க வைக்க ஏலுமெண்டால் பின்னேரம் அது சிரிச்சுக்கொண்டு எழும்பும். நிலாவெளியில தங்கினா அந்த நித்திரை வானுக்குள்ள, மடியில, வேர்வையோட முடிஞ்சிடும், பிறகு இரவு எட்டு மணிக்கு அழத் தொடங்கினால் மாமி "கண்ணூறு பட்டுட்டுது" எண்டுவா. நீங்க டவுன் ரூமுக்குக் காசு குடுக்கிறது கடலைப் பாக்கிறதுக்கில்லை, நினைச்ச நேரம் திரும்பி வாறதுக்கு.

கோயிலுக்கு விடியவே போங்கோ. மத்தியானம் நடை சாத்திடுவினம், பூசை நேரத்தை ஹோட்டல் பெடியங்களிட்டயே கேளுங்கோ, எல்லாருக்கும் தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால ஏத்தம் ஏறித்தான் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குப் போறது, தள்ளுவண்டிலைக் கொண்டு போய்க் கஷ்டப்படாமல் ஓட்டோவில மேல போய் இறங்குங்கோ. செருப்பைக் கழட்டினாப் பிறகு இருக்குது விளையாட்டு. பத்து மணிக்கு மேல அந்த நிலம் சுடுற சூட்டில பெரிய ஆக்களே துள்ளித் துள்ளித்தான் நடக்கிறம், பிள்ளையைக் கீழ விட்டிடாதேங்கோ, ஒரு சோடி மேசு பையில கிடக்கட்டும். இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவுப் பக்கம் நேரே கீழ கடல், அங்க பிள்ளை கையில இல்லை, இடுப்பில இருக்க வேணும்.

பிறகு மான். கோட்டைக்குள்ள புள்ளிமான் மாடு மாதிரி நடமாடும், டவுன் ரோட்டுக்கும் வரும். பிள்ளையள் பைத்தியமாயிடும். ஆனா அது காட்டு மிருகம்தான், கையில வாழைப்பழமோ சொப்பிங் பாக்கோ கண்டால் நேர வந்து முகத்தை நீட்டிப் பறிக்கும். கோட்டை வாசலடியில ஒருக்கா ஒரு கலைமான், நிப்பாட்டி வச்ச மோட்டச்சைக்கிள் ஹாண்டிலில தொங்கின பாக்கைக் கொம்பால கோத்து இழுத்து, உள்ள இருந்த பாணை பேப்பரோட சேத்துச் சாப்பிட்டுட்டு நிண்டது, சைக்கிள்காரர் தூர நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார், கிட்டப் போகேல்ல. அவருக்கே அவ்வளவு பயம் எண்டால் பாருங்கோ. தள்ளி நிண்டு காட்டுங்கோ.

பின்னேரம் டச்சு பே கடற்கரை, எங்கட ஊர்ச் சனம் எல்லாம் அங்கதான், கடலை, ஐஸ்கிறீம், மணல். சின்னதுகளுக்கு மணல் போதும், தண்ணிக்குள்ள இறக்க வேண்டாம். குளிக்க ஆசையெண்டால் ஒரு நாள் காலமை உப்புவெளிக்குப் போட்டு வாங்கோ, டவுனில இருந்து 5 கிலோமீற்றர் வரும், மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் அந்தப் பக்கக் கடல் குளம் போலக் கிடக்கும், உங்கட அவருக்கும் வாய் அடைஞ்சிடும்.

இனி ரூம். நெட்டில படத்தைப் பாத்துப் போடாமல் ஹோட்டலுக்கு ஒரு கோல் எடுங்கோ. முதலாவது, ரோட்டுப் பக்கமா பின் பக்கமா எண்டு கேளுங்கோ. பஸ் ஸ்டாண்ட், பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் எண்டால் நாலரை அஞ்சு மணிக்கே ஊர் எழும்பிடும், ஹோர்ன் ஒரு பக்கம், கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், பள்ளிவாசல் பாங்கு ஒரு பக்கம். எங்களுக்கு அது தாலாட்டு, உங்கட மகளுக்கு அப்பிடி இல்லை. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வாற நாளெண்டால் சத்தத்தைப் பற்றிக் கேக்கவே வேண்டாம், மற்றப் பக்கம் பாத்தால் அதைப் பாக்கவே வரலாம். ரெண்டாவது, லிஃப்ட். டவுனில உள்ள கனக்க ஹோட்டல் மூண்டு நாலு மாடி, லிஃப்ட் இல்லை, மாமியின்ர முழங்கால் அதைத் தாங்குமோ தெரியாது. மூண்டாவது, கேத்தில். மாப்பால் குடிக்கிற பிள்ளையெண்டால் அது இல்லாத ரூம் வேண்டாம். பால்மாவைக் கொதிச்சு ஆறின தண்ணியில, 70 பாகைக்குக் குறையாத சூட்டில கரைச்சுத்தான் ஆற வைக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம், றிசெப்ஷனில இருந்து பிளாஸ்கில வாற தண்ணி வழியில எவ்வளவு ஆறினதோ ஆருக்குத் தெரியும். ரூம் கேத்திலையும் முதல்தரம் கொதிக்க வச்சு ஊத்திப்போட்டு ரெண்டாம்தரம் பாவியுங்கோ, முந்தி வந்த ஆக்கள் அதுக்குள்ள முட்டை அவிச்சிருப்பினம், கண்டிருக்கிறன்.

உள்ள போனவுடன சூட்கேஸைத் திறக்காமல் பிள்ளையின்ர உயரத்துக்குக் குந்தியிருந்து ஒருக்கா ரூமைப் பாருங்கோ. தொங்கிற கேத்தில் வயர், கட்டிலுக்குக் கீழ கிடக்கிற பழைய மாத்திரை, கையெட்டுற பிளக். பால்கனிக் கம்பி இடைவெளி 10 சென்ரிமீற்றருக்கு மேல எண்டால் அந்தக் கதவைப் பூட்டித் திறப்பை மாமியிட்டக் குடுங்கோ. பாத்ரூமில வாளி நிறையத் தண்ணி வச்சிருப்பினம், அதைக் கவிட்டு வையுங்கோ, இந்த வயசுப் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணியே ஆபத்து. கட்டிலைச் சுவரோட தள்ளி வச்சால் பிள்ளை விழாது எண்டு எல்லாரும் செய்யிறது, ஆனா மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில இறுகிப்போற இடைவெளி விழுறதை விட மோசம். இன்னொரு மெத்தை கேட்டு நிலத்தில போட்டுப் படுங்கோ, ஒரு கரைச்சலும் இல்லை.

காலமைச் சாப்பாட்டில பிள்ளைக்குச் சரிவாறது இடியப்பமும் சொதியும்தான். முதல்நாள் இரவே சொல்லி வையுங்கோ, பச்சை மிளகாய் போடாமல் ஒரு சின்னக் கிண்ணம் சொதி எடுத்து வைக்கச் சொல்லி. சொன்னால் செய்வினம்.

கேள்வி: கொழும்பில இருந்து இரவு ரெயினில வாறம், விடியப்புறம் வந்து இறங்கினால் ரூம் பின்னேரம் ரெண்டு மணிக்குத்தான் எண்டினம். ரெண்டு வயசுப் பிள்ளையோட எங்க குந்தியிருக்கிறது? (தெகிவளை வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. டவுன் ஹோட்டலெண்டால் முதல்நாள் இரவு ரூம் வெறுமையாக் கிடந்தால் விடிய எடுக்க விடுவினம், கொஞ்சக் காசு கேக்கலாம், குடுங்கோ. முழுக்க நிரம்பியிருக்கிற சீசனெண்டால் முதல்நாள் இரவையும் சேத்துப் புக் பண்ணிப்போட்டு "நாங்க காலமை அஞ்சு ஆறு மணிக்குத்தான் வருவம், ரூமை வேற ஆக்களுக்குக் குடுத்திடாதேங்கோ" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுங்கோ. காசு நட்டம்தான், ஆனா லொபியில எட்டு மணித்தியாலம் பிள்ளையை வச்சிருந்து பாத்தால் அந்தக் காசு பெரிசாத் தெரியாது. ரெயில் ஓடுதா எண்டும் கிழமைக்கு முன்னமே பாருங்கோ. வானில வாறதெண்டால் இருட்ட முந்தி ஹபரணையைத் தாண்டுங்கோ, அங்கால கந்தளாய் வரைக்கும் ரோட்டில யானை நிக்கும்.

கேள்வி: நாங்கள் கனடா. மகனுக்கு மூண்டு வயசு, ஓகஸ்டில வாறம். வெக்கையைத் தாங்குவானோ? அதோட எங்களுக்கு ஒரு விலை, ஊர்ச் சனத்துக்கு ஒரு விலை எண்டு கேள்விப்பட்டது உண்மையோ? (ரொறன்ரோவில இருந்து ஒரு தம்பி)

பதில்: விலை உண்மை. அடையாள அட்டை காட்டினால் ஒரு விலை, பாஸ்போட் காட்டினால் இன்னொரு விலை எண்டு வச்சிருக்கிற இடங்கள் இருக்கு. தமிழ் கதைச்சால் குறைப்பினம் எண்டு நம்பி வந்து கவுண்டரில நிண்டு சண்டை பிடிக்காமல், புக் பண்ணேக்கையே "நாங்க வெளிநாட்டுப் பாஸ்போட், பிள்ளைக்கு மூண்டு வயசு, எக்ஸ்ட்ரா கட்டில் வேண்டாம், மொத்தம் எவ்வளவு" எண்டு வட்ஸ்அப்பில எழுத்தில வாங்கி வையுங்கோ. எழுத்தில இருந்தால் பிறகு கதை மாறாது.

வெக்கை கடுமைதான் தம்பி. ஓகஸ்டிலயும் கச்சான் காத்து அடிக்கும், நெருப்பு மாதிரி, 35 பாகைக்கு மேல போற நாளும் இருக்கு. ஏசியை 18 இல வச்சிட்டு வெளியால வெயிலுக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்தால் பிள்ளை பாடுபடும், 26 போதும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் வேலை செய்யுமோ, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமோ எண்டு கேளுங்கோ. கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குக் காலமையே போங்கோ, டவுனில இருந்து கிட்டத்தான். ஏழு கிணறும் ஏழு சூடு, வாளியால அள்ளி வாக்கிறது, முதல் உங்கட முழங்கையில ஊத்திப் பாத்திட்டு இளஞ்சூட்டுக் கிணத்துத் தண்ணியை மட்டும் மகனுக்கு ஊத்துங்கோ. புறாத்தீவு இந்த முறை வேண்டாம், படகு, வெயில், காலை வெட்டுற முருகைக்கல், மூண்டு வயசுக்கு அதில ஒரு சந்தோசமும் இல்லை.

கேள்வி: ஹோட்டலில இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யிறது? (வவுனியா வாசகி)

பதில்: டவுனில தங்கச் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம், பொது வைத்தியசாலை டவுனுக்குள்ளயே இருக்கு. 1990க்கு அடிச்சால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வெளிக்கிட முந்தியே உங்கட டொக்டரிட்ட பிள்ளையின்ர நிறைக்கு எவ்வளவு பரசிற்றமோல் எண்டு எழுதி வாங்குங்கோ. காய்ச்சலுக்கு அதைத் தவிர வேற மருந்து, அஸ்பிரின், இபுபுறொஃபின் ஒண்டும் குடுத்திடாதேங்கோ, டெங்கு எண்டால் ரத்தக்கசிவு வரலாம். 2017 இல கிண்ணியாப் பக்கம் டெங்கு எங்களைப் படுத்தின பாடு இன்னும் மறக்கேல்ல. அந்த நுளம்பு பகலில கடிக்கிறது, அதால பகல் நித்திரைக்கும் வலை கட்டுங்கோ. வயித்தாலை போனால் ஜீவனி எண்ட உப்புக் கரைசல் பவுடர், ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதிச்சு ஆறின தண்ணி, கண் மட்டத்தில கலக்கிறேல்ல.

கேள்வி: இரவு ரெண்டு மணிக்குப் பிள்ளை கத்தினால் பக்கத்து ரூம்காரர் சுவரில தட்டினம். வெக்கமாக் கிடக்கு. (மட்டக்களப்பில இருந்து ஒரு அப்பா)

பதில்: தட்டட்டும். காலமை கண்டால் ஒருக்காச் சிரியுங்கோ, காணும். அடுத்தமுறை மூலை ரூம் கேளுங்கோ, ஒரு பக்கச் சுவர்தான் தட்டலாம்.

கேள்வி: நான் திருகோணமலைதான் பிள்ளை, உட்துறைமுக வீதிப் பக்கம் வீடு. தங்கச்சியின்ர மகள் கைக்குழந்தையோட கொழும்பில இருந்து வாறாளாம், டவுனில ஹோட்டல் போட்டிருக்கிறாளாம். பெரியம்மா வீடு இருக்கேக்க ஹோட்டலோ? ஊர் என்ன சொல்லும்? (ஒரு பெரியம்மா)

பதில்: அம்மா, கோவப்படாதேங்கோ. உங்கட வீட்டில வந்து நிண்டால் அவள் விடிய எழும்பிக் குசினிக்குள்ள வரவேணும், வாற போற ஆக்களுக்கெல்லாம் பிள்ளையைக் காட்ட வேணும், பால் குடுக்கக் கதவைச் சாத்தினால் ஆராவது தட்டுவினம். ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற பெட்டைக்கு ஒரு பூட்டுப் போட்ட கதவு வேணும், அதுக்கு நீங்க குறைஞ்சுபோனீங்க எண்டு அர்த்தமில்லை. ஹோட்டல் டவுனுக்குள்ள எண்டதால நடந்தே வந்திடுவாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கோ, பிள்ளையை ரெண்டு மணித்தியாலம் வாங்கி வச்சுக்கொண்டு அவளையும் மருமகனையும் டச்சு பே பக்கம் அனுப்புங்கோ. ரூமில சமைக்க ஏலாது, அதால சோறு சாப்பிடத் தொடங்கின பிள்ளையெண்டால் குழைச்ச சோறும் பருப்பும் ஒரு டிபன் கரியரில கட்டிக் குடுங்கோ, இரவைக்கு உதவும். ஊர் என்னவும் சொல்லிப்போட்டுப் போகட்டும்.