வாசகர் கேள்வி: ஆறு இருக்க, கரையை வெட்டியது ஏன்?

கேள்வி: லண்டனில் வாழும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, தேம்ஸ் ஆற்றங்கரையில் கதவிட்ட பெரிய நீர்த்தேக்கங்களைக் கண்டேன். 'டொக்' என்றார்கள். அவ்வளவு பெரிய ஆறு இருக்கும்போது, கரையை வெட்டிக் கப்பல்களை உள்ளே எடுத்தது ஏன்? கிரீனிச்சில் நிற்கும் பழைய பாய்க்கப்பலை நீரில் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் என்ன?
— வாசகி, வல்வெட்டித்துறை

பதில்: முதற் காரணம் வற்றுப்பெருக்கு. நமது கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. லண்டன் பாலத்தடியிலோ அமாவாசை, பறுவ நாள்களை ஒட்டி அது ஏறத்தாழ 7 மீற்றர். பெருக்கில் மிதந்த கப்பல் வற்றில் சேற்றில் அமர்ந்துவிடும். ஆகவே பெரிய கப்பல்கள் நடு ஆற்றில் நங்கூரமிட, நம்மவர்கள் வத்தைகளில் செய்ததைப் போலவே, சிறு படகுகளில் சரக்கு கரை சேர்க்கப்பட்டது. தீர்வைக்குரிய பொருள்களைப் பாலத்துக்கும் கோபுரக் கோட்டைக்கும் இடைப்பட்ட குறுகிய கரையிலேயே பெரும்பாலும் இறக்க வேண்டியிருந்ததால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. சீனியும் றம்மும் களவு போயின.

அதனால்தான் மேற்கிந்தியத் தீவு வணிகர்கள் உயர்ந்த மதில் சூழ்ந்த டொக்கை 1802இல் திறந்தார்கள். பெருக்கு உச்சத்தை எட்டும் வேளையில் மதகுக் கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, வற்றுத் தொடங்குமுன் மூடிவிட்டால், வெளியே ஆறு எவ்வளவு இறங்கினாலும் உள்ளே நீர்மட்டம் குறையாது. கப்பலும் பண்டகசாலை வாசலில் அசையாமல் நிற்கும். 1805, 1806ஆம் ஆண்டுகளில் வேறு இரண்டு டொக்குகளும், 1828இல் கோபுரக் கோட்டையருகே சென்ற் கதரின் டொக்கும் திறக்கப்பட்டன. இந்தக் கடைசி டொக்குக்காக ஏறத்தாழ 11,000 ஏழை மக்கள் குடியெழுப்பப்பட்டார்கள் என்பதையும், முதல் டொக்கில் இறங்கிய சீனி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொள்கலன் கப்பல்கள் வந்த பின் இவற்றின் ஆழமும் அகலமும் போதவில்லை. சென்ற் கதரின் 1968இலும், கீழாற்றில் இருந்த றோயல் டொக்குகள் 1981இலும் வணிகக் கப்பல்களுக்கு மூடப்பட்டன.

நீங்கள் கண்ட பாய்க்கப்பலின் பெயர் கட்டி சார்க். சீனத் தேயிலைக்காக 1869இல் ஸ்கொட்லாந்தின் டம்பாட்டனில் கட்டப்பட்டது. அதே ஆண்டில் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைத்ததால், அது பின்னர் அவுஸ்திரேலியக் கம்பளி ஏற்றியது. அதன் விலாச் சட்டங்கள் இரும்பு, மேற்பலகை மரம். உப்பு ஊறிய இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும் என்பதைக் பலகை இடுக்கடைக்கும் கலப்பற்று வேலையும் ஆணி வேலையும் பார்த்து வளர்ந்த உங்கள் ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1954 முதல் அது நீர் வடித்த உலர்துறையில் நிற்கிறது. எனினும் நீரின் தாங்குதல் இல்லாமல் நின்றதால், சொந்தப் பாரமே உடலை உருக்குலைக்கத் தொடங்கியது. ஆகவே 2012இல் முடிந்த திருத்தத்தின்போது சுமார் 3 மீற்றர் உயர்த்தி, உருக்குத் தாங்கிகளில் நிறுத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்கு இடையே 2007 மேயில் தீப்பற்றியபோது, பாய்மரங்களும் பலகைகளில் ஏறத்தாழப் பாதியும் முன்னரே கழற்றப்பட்டிருந்ததால் கப்பல் தப்பியது.

கோபுரப் பாலத்தருகே மிதக்கும் பெல்பாஸ்ட் போர்க்கப்பல் 1938 மார்ச்சில் வெள்ளோட்டம் விடப்பட்டது. 1971 முதல் அருங்காட்சியகம். அதே 1938இல்தான், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, நம்மவர்கள் மாலுமிகளாயிருந்து செலுத்த, அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. பெல்பாஸ்டை இன்றும் ஏறிப் பார்க்கலாம். அன்னபூரணியை நிழற்படத்தில்தான் பார்க்கலாம். உங்கள் அயலில் கப்பல் தலைவர்களான தண்டையல்மாரின் கணக்கேடோ, கப்பல் கட்டும் தச்சர்களான ஓடாவிமாரின் கருவியோ எஞ்சியிருந்தால், கறையான் அரிக்குமுன் படமெடுத்து, எவருடையது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதிவைக்கும்படி உரியவர்களிடம் சொல்லுங்கள்.