முழங்கால் குருத்தெலும்புக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: வயது 44. வலது முழங்காலில் குருத்தெலும்பு சேதமடைந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் அது மறுபடி வளர்ந்துவிடும், அறுவை சிகிச்சையே வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வலி சில மாதங்களுக்குக் குறையலாம். குருத்தெலும்பு வளரும் என்று எண்ணிப் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் அந்த அறிக்கையை மறுபடி படியுங்கள். ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்து, சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருக்கிறதா? அல்லது மூட்டு முழுவதும் தேய்ந்திருக்கிறதா? பழுதுபார்க்கும் சிகிச்சைகளெல்லாம் பெரும்பாலும் குழிக்கானவை. விளம்பரங்களோ தேய்மானக்காரர்களைத்தான் குறிவைக்கின்றன.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் காயம் தானாக ஆறுவதில்லை. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல். ஆனால் ஊசி வழியாக உள்ளே போகும் செல்கள் குழியைத் தேடிப்போய் நிரப்புவதும் இல்லை. பெரும்பாலானவை விரைவிலேயே அழிந்துவிடும். அதற்குள் அவை சுரக்கும் புரதங்கள் அழற்சியைத் தணித்தால் வலி குறைகிறது, அவ்வளவுதான். 'உங்கள் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுக்கிறோம்' என்று சொன்னால், இடுப்பெலும்பில் சுமார் 60 மி.லி. உறிஞ்சி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, சில மி.லி. செறிவாக்கித் தருவார்கள். மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்றுகூட ஸ்டெம் செல்லாக இருப்பது அரிது. ஒரே இடத்திலிருந்து அதிகம் இழுத்தால் ரத்தம் கலந்து அதுவும் நீர்த்துவிடும். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த செல்களை முழங்கால் தேய்மானத்துக்குப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. ஓராண்டு முடிவில் எதுவும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியை மிஞ்சவில்லை.

குழிதான் என்றால் கதை வேறு. சிறியதாக, ஏறக்குறைய 2 சதுர செ.மீ.க்குள் இருந்தால், அடி எலும்பில் 3–4 மி.மீ. இடைவெளியில் துளைகள் போடுவார்கள். மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, அதிலுள்ள ஸ்டெம் செல்கள் அங்கேயே திசுவாகின்றன. ஆனால் உருவாவது நார்க் குருத்தெலும்பு. அசலின் உறுதி அதற்கு இல்லாததால் சில ஆண்டுகளில் பலன் தேயலாம். பெரிய குழிக்கு உங்கள் குருத்தெலும்புச் செல்லையே எடுத்து, சில வாரம் ஆய்வகத்தில் பெருக்கி, இரண்டாவது அறுவை சிகிச்சையில் வைப்பார்கள். தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல்லில் செய்த கார்டிஸ்டெம் என்ற மருந்துக்குத் தென் கொரியா 2012இல் அனுமதி தந்தது. அதையும் ஊசியாகப் போடுவதில்லை. மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே இருக்கும் ஹயலுரானிக் அமிலத்தோடு கலந்து, அறுவை சிகிச்சையில் குழிக்குள் வைக்கிறார்கள்.

எதைச் செய்தாலும், கால் வளைந்திருந்தாலோ தசைநார் கிழிந்திருந்தாலோ புதுத் திசு மறுபடி நசுங்கும். அதனால் நின்றபடி முழுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுத்து, வளைவு இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். குழி இருக்கும் இடத்தைப் பொறுத்து, 6 வாரம் வரை ஊன்றுகோல் தேவைப்படலாம். அவசரப்பட்டு அந்தக் காலில் உடல் எடையை ஊன்றுவதும் திசு பெயர்ந்துபோக ஒரு காரணம்.

ஊசி போடச் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: செல் எங்கிருந்து வருகிறது, எத்தனை செல் என்று எண்ணிப் பார்த்தீர்களா, ஓராண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்து, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அது தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.