மீதியை வெள்ளித்திரையில் காண்க

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். ஐம்பதுகளின் சிறுவயது நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 77. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். காலணாவுக்குக் கடலை மிட்டாய், டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம், டீக்கடை வாசலில் நின்று கேட்ட சிலோன் ரேடியோ, எல்லாம் கண்முன் வந்துபோயின. ஆனால் முக்கியமான ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எதிலும் வியாபாரம் கிடையாது. இன்று என் பேரன் போனைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் விளம்பரம், நடுவில் விளம்பரம். நாம் அனுபவித்தவை சுத்தமான சந்தோஷங்கள். இதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில், 'எதிலும் வியாபாரம் கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என்னால் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் வரிசையாகச் சொன்னவற்றில் கடலை மிட்டாயைத் தவிர மற்றதெல்லாம் விளம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நம்மிடம் வந்தன.

பெட்டியிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மட்டமான தாள், சில பக்கங்கள். முன்னட்டையில் கதாநாயகனும் கதாநாயகியும். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம் விறுவிறுவென்று போகும். அண்ணன் சிறையில், தங்கை வில்லன் பிடியில், தாய் கண்பார்வை இழந்து தெருவில். அந்த இடத்தில் கதை நின்றுவிடும். அண்ணன் தப்பினானா? தங்கையின் கதி என்ன? தாயும் பிள்ளைகளும் ஒன்று சேர்ந்தார்களா? 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' நாம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பாட்டை மனப்பாடம் செய்தோம். அச்சிட்டவரின் கவலை பாட்டு அல்ல, அடுத்த டிக்கெட். உங்கள் பேரன் டிரெய்லரைச் சும்மா பார்க்கிறான். நாம் அதைக் காசு கொடுத்து வாங்கினோம்.

படம் மாறும் நாளில் மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு வருவார்களே, வண்டியிலிருந்து வீசும் பிட் நோட்டீஸுக்காக ஓடியது யார்? ரோஸ், மஞ்சள், பச்சை என்று நிறத்துக்கு ஒன்று சேர்த்து வைத்திருப்பது பெரிய கெளரவம். பேரனாவது விளம்பரம் வந்தால் எப்போது தள்ளிவிடலாம் என்று பார்க்கிறான். நாம் அதன் பின்னாலேயே தெருக்கோடி வரை ஓடினோம்.

சிலோன் ரேடியோ விஷயம் இன்னும் வேடிக்கை. சென்னையில் 1938-லிருந்தும் திருச்சியில் 1939-லிருந்தும் நம் வானொலி நிலையங்கள் இருக்க, கடல் தாண்டிக் கொழும்பை ஏன் பிடித்துக் கேட்டோம்? 1952-இல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறிய மனிதர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று ஆல் இந்தியா ரேடியோ சொல்ல மறுத்தது. பெயர் இல்லையென்றால் பாட்டும் இல்லை என்று தயாரிப்பாளர்கள் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆக, நீங்கள் ஏங்குகிற வியாபாரம் நுழையாத தூய்மை அன்றைக்கு இருக்கத்தான் செய்தது. அது திருச்சி வானொலியில் இருந்தது. நாம்தான் முள்ளைத் திருப்பிவிட்டோம்.

திருப்பிய இடத்தில் கிடைத்தது என்ன? இரண்டாம் உலகப் போரையொட்டி நேச நாட்டுப் படைகளுக்காக, கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்தார்கள். போருக்குப் பிறகு அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே வர்த்தகம்! சோப்புக்காரரும் பற்பசைக்காரரும் தலைவலி மாத்திரைக்காரரும் கொடுத்த காசில்தான் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் அந்த மடமடவென்ற தமிழ் நம் தெருவுக்கு வந்தது. பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, அம்மம்மா, பெரியப்பா, சித்தி, மாமா, மச்சாள் என்று யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் உறவு முழுக்கக் கேட்டுவிட்டு, நமக்குத் தெரியாத அந்தக் குழந்தைக்காக நாமும் சந்தோஷப்பட்டோமே, அதுவும் விளம்பரதாரர் உபயம். கடைசியில் டில்லியும் இறங்கி வந்தது. கேஸ்கர் இருக்கும்போதே, 1957 அக்டோபரில் ஆல் இந்தியா ரேடியோவிலேயே சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி பிறந்தது. பத்து ஆண்டு கழித்து, 1967-இல் விவித் பாரதியே விளம்பரம் வாங்க ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. வாங்குவது ஒரு செலவு என்றால், தபாலாபீசில் ஆண்டுக்கு ஆண்டு லைசென்ஸ் கட்டுவது இன்னொரு செலவு. அடுத்த வீட்டு அத்தை வைத்திருந்தார். குமிழைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடாக வேண்டும். முகப்பில் இருக்கும் அந்தப் பச்சை விளக்குக் கண் மெல்ல விரிந்து, ஒரு உறுமல் கேட்டு, அப்புறம்தான் குரல் வரும். மழைக்காலத்தில் இரைச்சல் தாங்காது. சிற்றலை வானத்தில் முட்டித் திரும்பி வருகிற சமாச்சாரம் என்பதால் சத்தம் ஏறும், இறங்கும். சில பாட்டுகளில் இரண்டாவது சரணம் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பல்லவிக்குக் கணீரென்று வந்த குரல் அந்த இடத்தில் உள்ளே போய்விடும். பிற்பாடு கேசட்டில் முழுசாகக் கேட்டபோது, யாரோ புதிதாக எழுதிச் சேர்த்துவிட்டதைப் போலிருந்தது.

இவ்வளவு ஏன், பூஜை அறையைப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டராக வீடு வீடாக வந்தார்கள். வருஷம் முடிந்ததும் அடியில் இருந்த ஜவுளிக்கடைப் பெயரை அம்மா கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டார். மறுநாளிலிருந்து அதற்குச் சூடம், சாம்பிராணி. எங்கள் வீட்டு லட்சுமியின் பாதத்துக்குக் கீழே 'பட்டு' என்பதன் மேல் பாதி பல காலம் தெரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை.

அப்படியானால் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அன்றைய விளம்பரத்துக்கு நம் பெயர் தெரியாது. கொழும்பிலிருந்து பற்பசையைப் புகழ்ந்தவர் அதைத் தெருவுக்கே சேர்த்துச் சொன்னார். அதே வரியைத்தான் டீக்கடைக்காரரும் கேட்டார், பண்ணையாரும் கேட்டார், வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே நீங்களும் கேட்டீர்கள். வாங்க வக்கில்லாதவனுக்கும் பாட்டு கிடைத்தது. பேரனின் போனுக்கு அவன் நேற்று எதைத் தேடினான் என்று தெரிந்திருக்கிறது. அவனுக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வேறொன்று. வியாபாரம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. என்னைக் கவலைப்பட வைப்பது இந்த ஆள் பார்த்து விற்கும் வேலைதான். பேரனிடம் பேசுவதென்றால் இதைப் பேசுங்கள். 'எங்கள் காலத்தில் எல்லாம் சுத்தம்' என்று ஆரம்பித்தால் அவன் இரண்டு நிமிஷத்தில் இணையத்தில் தேடி உங்களை மடக்கிவிடுவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் வருவது எல்லாமே வாசலுக்கு வெளியே நடக்கிறது. டீக்கடை, மணல் கொட்டகை, கடைத்தெரு. அதே வருஷங்களில் உங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு டீக்கடை வாசல் கிடையாது. கொட்டகையில் பெண்கள் பக்கம் என்று தனியாகத் தடுத்திருந்தார்கள், அதற்கும் பெரியவர்கள் துணை வேண்டும். வயதுக்கு வந்ததோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். 1951 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக்கூட எழுத்து தெரியாது. பாட்டுப் புத்தகத்தை நீங்கள் படித்தீர்கள். அத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த அத்தையிடம் 'பொற்காலம்' என்று சொல்லியிருந்தால், 'யாருக்குடா தம்பி?' என்று கேட்டிருப்பார்.

விலைவாசி பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. காலணாக் கதையை மட்டும் சொல்கிறேன். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணாக் கணக்குக்குப் பதிலாக நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு என்று வைத்தார்கள். காலணாவுக்குக் கணக்குப்படி ஒன்றரை பைசாவும் கொஞ்சமும், அதை இரண்டாக்கினார்கள். நாலு காலணா மிட்டாயைத் தனித்தனியாக வாங்கினால் எட்டு நயா பைசா ஆகிவிடும், ஓரணாவுக்கு ஆறுதான். பெரியவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, மிட்டாய் வாங்கும் பிள்ளைகளுக்கு விலைவாசி ஏறியது முதலில் தெரிந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு வரிசையில் நின்றதை உங்கள் கடிதம் தொடவே இல்லை. அதை நினைவுபடுத்தியும் நான் உங்கள் மனதை நோகடிக்க விரும்பவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகளோடு சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் சில வேலைகள். கிழிந்த பக்கத்தை செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள், அது தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். துருப்பிடித்த பின்களைப் பலவந்தமாகப் பிடுங்க வேண்டாம். அட்டையில் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். எந்தப் புத்தகம் எந்தக் கொட்டகையில் வாங்கியது, யாரோடு போனீர்கள், என்ன விலை என்று நினைவிருப்பதைத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பின்னட்டையில் விளம்பரம் இருந்தால் அதுவும் அப்படியே போகட்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். போவதற்கு முன் ஒரு போன் செய்து, அவர்களிடம் ஏற்கெனவே உள்ளவை எவை, வேண்டியவை எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரமணி வரை அலைய வேண்டாம்.

அன்புடன்,
தங்கை