மஞ்சள் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு: விவசாயக் கடன் கேள்வி பதில்

கிராமத்துக் கிளைகள்ல முப்பது வருஷத்துக்கு மேல விவசாயக் கடன் பாத்தவன்ங்கற முறையில இந்தப் பக்கத்துக்கு பதில் எழுதிட்டு வரேன். இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல நிறைய ஒரே விஷயத்தச் சுத்தியே இருந்துச்சு, பேங்க்ல உக்காந்திருக்கறவங்களுக்கு விவசாயம் தெரியுமா, தெரியலன்னா எங்க கத்துக்கறாங்கன்னு. அதனால அதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

என் பொண்ணு பி.எஸ்சி. அக்ரி முடிச்சுட்டு ஐபிபிஎஸ் பேங்க் தேர்வு எழுதி அக்ரி ஃபீல்ட் ஆபீசரா செலக்ட் ஆயிருக்கா. பயிரப் பத்திதான் படிச்சேன், பேங்க் பத்தி ஒண்ணும் தெரியாதேன்னு பயப்படறா. அவளுக்கு என்ன சொல்லித் தருவாங்க?
ஒரு அம்மா, திருப்பூர்

முதல்ல உங்க பொண்ணுக்கு என் வாழ்த்து சொல்லுங்கம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. சேந்த உடனே பேங்கோட சொந்த டிரெயினிங் சென்டர்ல கொஞ்ச நாள் வகுப்பு இருக்கும், அப்புறம் கிளையில போட்டுருவாங்க. பின்னாடி புனேல ரிசர்வ் வங்கி 1969-ல ஆரம்பிச்ச விவசாய வங்கியியல் கல்லூரிக்கோ, லக்னோல விவசாய, கிராம வளர்ச்சி வங்கியான நபார்டு நடத்தற பேர்டுங்கற பயிற்சி நிலையத்துக்கோ அனுப்பினாலும் அனுப்புவாங்க. அங்கெல்லாம் திட்டத்த எப்படி மதிப்பிடறது, தவணைய எப்படிப் பிரிக்கறது, கணக்கு எப்போ வாராக்கடன் ஆகும்னு நல்லாவே சொல்லித் தராங்க.

கிளையில அவ முதல்ல கையில எடுக்கப் போற காகிதம் ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ். ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு தொழில்நுட்பக் குழு உக்காந்து, எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும்னு வருஷா வருஷம் முடிவு பண்றது. விவசாயிக்குப் பயிர்க்கடன் தர்ற கிசான் கிரெடிட் கார்டு கணக்கே இதுலதான் நிக்குது. உதாரணத்துக்கு நெல்லுக்கு ஏக்கருக்கு 36,000 ரூபாய்னு வெச்சுக்குவோம், ரெண்டரை ஏக்கர் வெச்சிருக்கறவருக்கு 90,000. அதுக்கு மேல 10 சதவீதம் அறுப்புக்கப்புறம் வர்ற செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும், 20 சதவீதம் மோட்டார் மாதிரி சாமான் பராமரிப்புக்கு, ஆக 1,17,000, கூடவே பயிர் இன்சூரன்ஸ் பிரீமியம். அடுத்தடுத்த வருஷத்துக்கு 10 சதவீதம் ஏத்தி அஞ்சு வருஷத்துக்கு லிமிட் போடுவாங்க. இது ஒரு மத்தியானத்துல கத்துக்கற கணக்கு.

கத்துக்க வருஷக்கணக்கா ஆகறது, எந்தப் பயிருக்கு எந்த மாசம் காசு வெளிய போகும், எந்த மாசம் உள்ள வரும்ங்கறது. நான் பண்ணின தப்பச் சொல்றேன், அவ பண்ணாம இருக்கட்டும். வேலைக்குச் சேந்த புதுசு, கிசான் கார்டெல்லாம் 1998-லதான் வந்துச்சு, இது அதுக்கும் முன்னாடி. ஈரோடு பக்கம் ஒரு பெரியவருக்கு மஞ்சளுக்குக் கடன் போட்டேன், ஆனில நட்டாரு, நான் பாட்டுக்கு நெல்லு மாதிரியே ஆறு மாசம்னு கெடு போட்டுட்டேன், மார்கழில நோட்டீசும் போயிருச்சு. அவரு சத்தம் போடல, சண்டை போடல, வந்து எதிர்ல உக்காந்து "தம்பி, மஞ்சள் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு"ன்னாரு. மாசிலதான் வெட்டணும், வேக வெக்கணும், காயணும், மெருகு போடணும், அப்புறம்தான் மண்டிக்கே போகும். நான் கெடுவ மாத்தறதுக்கு மேலிடத்துல கேட்டு பதில் வர்றதுக்குள்ள மனுஷன் வெளிய வட்டிக்கு வாங்கி என் கடனக் கட்டிட்டாரு. கிளை ரிப்போர்ட்ல நல்ல வசூல்னு வந்துச்சு. அந்த ரிப்போர்ட்டப் பாத்தப்போ வந்த வலி இன்னும் எனக்கு இருக்கு. அவரு கட்டின வெளி வட்டிக்கு நான்தான் காரணம்.

இன்னைக்கு நிலைமையில கெடு தப்பினா நஷ்டம் இன்னும் நேரடியா தெரியும். 3 லட்சம் வரைக்கும் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி, சொன்ன தேதிக்குள்ள கட்டினா 3 சதவீதம் குறைஞ்சு 4 சதவீதம்தான். தேதிய ஆபீசர் தப்பா போட்டா அந்த 3 சதவீதம் விவசாயி கையவிட்டுப் போயிரும். அதனால பொண்ணுகிட்ட சொல்லுங்க, சேந்த ஊர்ல முதல் வாரமே ஒரு காலண்டர வாங்கி, அந்த ஊர்ப் பயிருங்கள நடற மாசம், வெட்டற மாசம், விக்கிற மாசம் எல்லாத்தையும் ஊர்க்காரங்களக் கேட்டு கையால எழுதி வெச்சுக்கட்டும்.

ரெண்டு கறவை மாட்டுக்கு லோன் கேட்டோம். இப்போ ஒண்ணு வாங்குங்க, அடுத்தது அஞ்சாறு மாசம் கழிச்சுன்னு மேனேஜர் சொல்றாரு. எங்க மேல நம்பிக்கை இல்லியா?
வாசகி, மணப்பாறை

நம்பிக்கை இல்லாம இல்லம்மா, அவரு சரியாதான் கத்துக்கிட்டிருக்காரு. மாடு கன்னு போட்டு ஏறக்குறைய பத்து மாசம் கறக்கும், அடுத்த ஈத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம் வத்திப்போகும். ரெண்டு மாட்டையும் ஒரே நாள்ல வாங்கினா ரெண்டும் ஒண்ணாவே வத்தும், அந்த ரெண்டு மாசம் பால் காசு பூஜ்யம், ஆனா தீவனமும் தவணையும் நிக்காது. தள்ளி வாங்கினா ஒண்ணு வத்தும்போது இன்னொண்ணு கறக்கும், தவணை தானா நடக்கும்.

சந்தைக்குப் போறப்போ அவரையும் கூட்டிட்டுப் போங்க, வரமாட்டேன்னு சொன்னா வற்புறுத்துங்க. எனக்கு மாடு பாக்கக் கத்துக் கொடுத்தது ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைதான். துண்டுக்கு அடியில விரலப் பிடிச்சு விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, கொட்டேஷன்ல எழுதின விலைக்கும் விரல்ல முடிஞ்ச விலைக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பேங்க்காரனுக்கு எப்படித் தெரியும்? ஒரு தரகர் அண்ணன்தான் பாவம் பாத்து சொல்லிக் கொடுத்தாரு. வயசு தெரிய வாயத் திறந்து பல்ல எண்ணச் சொன்னாரு, ரெண்டு பல்லா, நாலு பல்லா, எல்லாப் பல்லும் முளைச்சு கடைசேந்து போச்சான்னு. மடி பெருசா இருக்கேன்னு மயங்காத, நேத்து சாயந்திரம் கறக்காம விட்டிருப்பான், ரெண்டு வேளை அடுத்தடுத்து உன் கண்ணு முன்னாடி கறந்து காட்டச் சொல்லுன்னாரு. எந்த வகுப்புலயும் எனக்கு இத இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல.

மாட்டோட காதுல குத்தற அடையாள வில்லை, அந்தக் காதுவில்லைய மட்டும் மறந்துராதீங்க. வாங்கின உடனே டாக்டர் சான்றிதழ், காதுவில்லை, இன்சூரன்ஸ் மூணும் ஒண்ணா முடியணும். வில்லை விழுந்துட்டா அன்னைக்கே சொல்லி மாத்துங்க, வில்லை இல்லாம மாடு செத்தா கிளெய்ம் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்.

பயிர்க்கடன்னு போனா நகை இருக்கான்னுதான் கேக்கறாங்க. நகை இல்லாதவன் விவசாயம் பண்ணக் கூடாதா?
வாசகர், விருத்தாசலம்

உங்க கோபம் நியாயமானது. 2025 ஜனவரி 1-லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் விவசாயக் கடனுக்கு ஈடு கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, அதுக்கு முன்னாடி 1.6 லட்சம். நீங்களா விரும்பி நகை வெச்சா தப்பில்ல, ஆனா நகை இல்லன்னா கிடையாதுன்னு சொல்ல முடியாது. அப்படிச் சொன்னா எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க.

நகைக்கடன் பத்து நிமிஷம், மதிப்பீட்டாளர் உரசிப் பாப்பாரு, முடிஞ்சுது, வயல் பக்கமே போக வேண்டாம். மொத்தக் கடன்ல 18 சதவீதம் விவசாயத்துக்குன்னு பேங்குக்கு இலக்கு இருக்கு, விவசாயத்துக்குன்னு கொடுக்கற நகைக்கடனும் அதுல சேரறதால இந்த வழி ரொம்ப சுலபமா போச்சு. இதுல எனக்கு இருக்கற பெரிய வருத்தம், அஞ்சு வருஷம் நகைய மட்டுமே பாத்த ஆபீசருக்கு பயிரப் பாத்து கடன் கொடுக்கற தைரியமே வராது, அவரு நாளைக்கு மேனேஜர் ஆகி அடுத்தவங்களுக்கும் அதையேதான் சொல்லித் தருவாரு.

குத்தகை நிலத்துல மூணு ஏக்கர் சம்பா பண்றேன். பட்டா என் பேர்ல இல்ல, எழுத்துல ஒப்பந்தமும் இல்ல. எனக்கு பேங்க் கடன் உண்டா?
வாசகர், மன்னார்குடி

உண்டு. குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகை, வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்கு கொடுத்துப் பண்றவங்க எல்லாருமே கிசான் கார்டு விதியில வராங்க, இது பல கிளைகள்ல புதுசா வந்தவங்களுக்கு தெரியறதில்ல. நீங்கதான் சாகுபடி பண்றீங்கன்னு வி.ஏ.ஓ. கிட்ட அடங்கல் பதிவும் சான்றும் கேளுங்க. நிலக்காரரு கையெழுத்துக்குத் தயங்கினா, உங்கள மாதிரி நாலுலேர்ந்து பத்து பேரு சேந்து கூட்டுப் பொறுப்புக் குழுவா போங்க, ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பு. கூட்டுறவு சொசைட்டியிலயும் கேட்டுப் பாருங்க, அங்க பயிர்க்கடன கெடுவுக்குள்ள கட்டினா வட்டியே கிடையாது.

என் பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க ஆயிரக்கணக்குல மாடு வெச்சிருக்கற ரேன்ச்சுக்கெல்லாம் பேங்க் எப்படிக் கடன் கொடுக்குது? அந்த ஊரு ஆபீசருங்களும் வயலுக்குப் போறாங்களா?
வாசகர், காரைக்குடி

போறாங்க, மாட்ட எண்ணறதுக்கே போறாங்க. அங்க பொதுவா கன்னுங்க வசந்த காலத்துல பிறந்து இலையுதிர் காலத்துல விலைக்குப் போகும், வருஷக் கடனோட கெடுவும் அதுக்கு ஏத்த மாதிரிதான் வெப்பாங்க. மாட்டு மந்தையே ஈடு, அதனால ஆபீசர் நேர்ல போய் தலைய எண்ணி, சூட்டுக்குறியப் பாத்து, புல்லு எப்படி இருக்கு, தண்ணி எப்படி இருக்குன்னு எழுதிட்டு வருவாரு. மாநில வங்கியாளர் சங்கங்கள் இதுக்குன்னே தனி வகுப்பு நடத்துது, பண்ணையோட வருமான வரிப் படிவத்தையும் சொத்து கடன் பட்டியலையும் வெச்சு உண்மையான லாபத்த எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு.

அவங்க அத அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 1916-ல சட்டம் போட்டு விவசாயத்துக்குன்னே தனி கடன் அமைப்பு உண்டாக்கின நாடு அது. 1970-கள்ல நில விலை ஏறிக்கிட்டே போச்சு, பண்ணை என்ன சம்பாதிக்குதுன்னு பாக்காம நிலத்தோட விலையப் பாத்து கடன அள்ளிக் கொடுத்தாங்க. 1980-ல வட்டி 20 சதவீதத்தத் தாண்டிச்சு, அப்புறம் விளைபொருள் விலையும் படுத்துச்சு, ஐயோவா மாநிலத்துல 1981-லேர்ந்து அஞ்சாறு வருஷத்துல நில விலை பாதிக்கும் கீழ போயிருச்சு. பண்ணைங்க ஏலத்துக்கு வந்துச்சு, கிராமத்து பேங்குங்க மூடிச்சு, அந்தக் கடன் அமைப்பையே 1987-ல அரசாங்கம் கைகொடுத்து தூக்கி நிறுத்த வேண்டியதாச்சு. அதுக்கப்புறம்தான் நிலத்தோட விலை கடன் கட்டாது, அதுல வர்ற வருமானம்தான் கட்டும்னு அங்க ஆபீசருங்களுக்கு அழுத்தமா சொல்லித் தர ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல பைபாஸ் ஓரத்து நிலத்துக்கு விலை ஏறினத மட்டும் பாத்து பெரிய கடனுக்குக் கையெழுத்துப் போடறவங்கள பாக்கறப்போ எனக்கு அந்த ஐயோவாக்காரங்க ஞாபகம்தான் வரும்.

எங்க கிளைக்கு புது ஆபீசர் வந்திருக்காரு, வெளியூர்ப் பையன். தென்னைக்கு சொட்டுநீர் போட கடன் கேட்டிருக்கேன், அடுத்த வாரம் தோட்டத்தப் பாக்க வரேன்னாரு. நான் என்ன காட்டணும்?
வாசகர், பொள்ளாச்சி

சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் கவர்ல போட்டு வெச்சிருங்க, அதப் பாக்க அவருக்குத் தெரியும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க. கிணத்துக்குக் கூட்டிட்டுப் போயி, மழை நல்லா பேஞ்ச வருஷம் தண்ணி எந்தப் படி வரைக்கும் நின்னுச்சு, சித்திரையில எந்தப் படிக்கு எறங்குதுன்னு கைய வெச்சுக் காட்டுங்க. மோட்டாரப் போட்டு எத்தனை நிமிஷத்துல தண்ணி வத்துது, மறுபடி ஊற எத்தனை மணி நேரமாகுதுன்னு அவரையே வாட்ச்ல பாக்கச் சொல்லுங்க. கடைசி வெட்டுல மரத்துக்கு எத்தனை காய் வந்துச்சு, என்ன விலைக்குப் போச்சுன்னு நோட்டு இருந்தா எடுத்துக் கொடுங்க, வாடல் நோய் வந்த மரம் இருந்தா அதையும் மறைக்காம காட்டுங்க.