வாசகர் கேள்விகள்: எடின்பரோவில் மூன்று நாள்

கேள்வி: மகள் எடின்பரோவில் மேற்படிப்பு படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் அவள் அப்பாவும் போகிறோம். ஊர் சுற்ற மூன்று நாள்தான் இருக்கிறது. எனக்கு மூட்டு வலி, மேடு ஏறினால் சிரமம். கோட்டைக்குக் கட்டாயம் போக வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: போங்கள் அம்மா, ஆனால் முதல் நாளே வேண்டாம். எல்லாரும் ரயிலை விட்டு இறங்கியதும் கோட்டைக்கு ஓடுவார்கள், அங்கேயே கால் ஓய்ந்துவிடும், அப்புறம் எதையும் ஆசையாகப் பார்க்க முடியாது. முதல் நாள் முழுக்க சேம்பர்ஸ் தெருவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, லிஃப்ட் உண்டு, நினைத்த இடத்தில் உட்காரலாம். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் கோட்டையை விட்டுவிட்டு இங்கேதான் போவேன்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் டாலி நிற்கிறது. 1996-ல் இந்த ஊருக்குப் பக்கத்தில் ரோஸ்லினில் பிறந்த குளோனிங் ஆடு. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த ஒரு செல்லைக் கொண்டு உருவாக்கினார்கள், 277 முயற்சிகளில் பிழைத்துப் பிறந்தது இது ஒன்றுதான். 2003-ல் இறந்ததும் பாடம் செய்து இங்கே வைத்துவிட்டார்கள். உலகமே பேசிய அந்த உயிர், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சாதுவான ஒரு ஆடு, அவ்வளவுதான். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அப்புறம் லூயிஸ் தீவுச் சதுரங்கக் காய்கள். வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை, 12-ஆம் நூற்றாண்டு. 1831-ல் கிடைத்த 93 பொருள்களில் 82 லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டன, இங்கே இருப்பது 11. ராணியைத் தேடிப் பாருங்கள். உள்ளங்கையளவு உயரம்கூட இல்லை, வலது கையைக் கன்னத்தில் வைத்து, எதையோ பறிகொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். கன்னத்தில் கை வைக்காதே என்று நம் வீட்டுப் பாட்டிகள் திட்டுவார்களே, அதே கோலம்! கிளம்புமுன் லிஃப்டில் ஏழாவது தளத்து மொட்டை மாடிக்குப் போங்கள், கோட்டையை அங்கிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் கோட்டை. டிக்கெட்டை முன்னாலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வாசல் வரைக்கும் டாக்ஸி நல்லது. உள்ளே கல் பாவிய ஏற்றம், நடக்க முடியாதவர்களை மேலே கொண்டுபோய் விட ஒரு வண்டி இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1852-லேயே கால்டன் குன்றுக் கோபுரத்தில் ஒரு பந்தை ஏற்றி இறக்கினார்கள். மூடுபனியில் பந்து தெரியவில்லை, அதனால் 1861-ல் வெடிச் சத்தம் வந்தது. அதைக் கேட்டுவிட்டு, புனித மார்கரெட் சிற்றாலயத்துக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான், ஆனால் ஊரிலேயே பழைய கட்டடம் அதுதான்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை போகும் ராயல் மைல் என்ற தெரு முழுக்க இறக்கம். அதனால் மேலிருந்து கீழே நடங்கள், திரும்பும்போது பஸ். வழியில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் திஸில் சேப்பல் என்று ஒரு சின்ன அறை, 1911-ல் முடித்தது. அதன் மரவேலையில் பேக்பைப் ஊதும் தேவதை ஒன்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள். அரண்மனையை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜூன் கடைசி என்றால் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள், மன்னர் வந்து தங்கும் நாட்களில் மூடிவிடுவார்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், ஜூனிலும் காற்று குளிராக அடிக்கும், சேலைக்கு மேல் போட ஒரு நல்ல ஜாக்கெட் வேண்டும்.

கேள்வி: ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய 'விதியின் கல்' எடின்பரோ கோட்டையில்தானே இருக்கிறது? (வாசகர், கோவை)

பதில்: இப்போது இல்லை. பழைய கையேடுகளை நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. 1296-ல் முதலாம் எட்வர்ட் தூக்கிக்கொண்டு போன கல் அது, 1950 கிறிஸ்துமஸ் அன்று நாலு ஸ்காட்லாந்து மாணவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்குள் புகுந்து எடுத்துவந்தார்கள், மறுபடி லண்டன் போனது, 1996-ல்தான் முறைப்படி எடின்பரோ வந்தது. 2024 மார்ச்சிலிருந்து பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். கோட்டையில் மணிமுடியும் செங்கோலும் வாளும் அப்படியேதான் இருக்கின்றன.

கேள்வி: நாய் சிலையின் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டமாமே? (வாசகி, சென்னை)

பதில்: தயவுசெய்து தடவாதீர்கள். எஜமானின் கல்லறையைப் பல வருடம் காத்ததாகச் சொல்லப்படும் பாபியின் சிலை அது, 1873-ல் வைத்தார்கள். இந்தத் தடவும் பழக்கம் சுற்றுலாக்காரர்கள் சமீபத்தில் கிளப்பிவிட்டது. கறுத்த வெண்கலத்தில் மூக்கு மட்டும் தேய்ந்து மஞ்சளாகப் பளபளக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ரொம்ப வருத்தம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: கால்டன் குன்றில் இடிந்து நிற்கும் கிரேக்கக் கோயில் எந்தப் போரில் இடிந்தது? (பள்ளி மாணவன், மதுரை)

பதில்: அது இடியவே இல்லை தம்பி, கட்டி முடிக்கவில்லை. நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸின் பார்த்தினன் மாதிரியே எழுப்ப நினைத்து 1826-ல் வேலை தொடங்கினார்கள். 1829-ல் பணம் தீர்ந்தது. 12 தூண்களோடு நின்றுவிட்டது. 'எடின்பரோவின் அவமானம்' என்றுகூட அதற்குப் பெயர். எனக்கென்னவோ முழுசாக முடித்திருந்தால் இத்தனை அழகு வந்திருக்காது என்றே படுகிறது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஏறினாலும் தூண்களுக்கு நடுவே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.