எத்தனை பேர்னு மட்டும் கேட்டா பத்தாது

கேள்வி: சண்டையே இல்லாத காலத்துல லட்சக்கணக்குல சோல்ஜர்ஸை வச்சு ஏன் சம்பளம் குடுக்கணும்? 1939-ல அமெரிக்க ஆர்மி ரெண்டு லட்சம்கூட இல்ல, 1945-ல 80 லட்சத்தைத் தாண்டுச்சு, ரெண்டாம் உலகப் போர்ல ஜெயிக்கலையா? போர் வந்தா ஆள் சேர்த்துக்க வேண்டியதுதானே!

பதில்: நம்பர் சரி, ஆனா நடுவுல இருந்த டைமை விட்டுட்டீங்க. போலந்துல சண்டை ஆரம்பிச்சது 1939 செப்டம்பர், அமெரிக்கா மேல அடி விழுந்தது 1941 டிசம்பர், ரெண்டு பக்கமும் சமுத்திரம் வேற, அந்த ரெண்டு வருஷத்துலதான் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் போட்டு, துப்பாக்கி பத்தாம கட்டையைப் பிடிச்சுப் பழகி, ஃபேக்டரிகளை ஆயுதம் செய்ய மாத்தி எழுந்து நின்னாங்க. போலந்துக்கு அந்த அவகாசம் எங்க இருந்துச்சு? ரிசர்வ் ஆளுங்களை, அதாவது பயிற்சி முடிச்சு வீட்டுக்குப் போனவங்களைக் கூப்பிட ஆகஸ்ட் 29 உத்தரவு போட்டு, கூட்டாளி நாடுகள் சொன்னாங்கன்னு நிறுத்தி, மறுநாள் திரும்பப் போட்டாங்க. செப்டம்பர் 1 ஜெர்மனி உள்ள வந்துருச்சு. பல யூனிட்டுக்கு ஆள் முழுசா வந்தே சேரல.

சரி, அப்போ தலைகள் நிறைய இருந்தா போதுமான்னா அதுவும் இல்லைங்க. உலகப் போர்ல ஜெயிச்ச அதே அமெரிக்காவை அஞ்சே வருஷம் கழிச்சுப் பாருங்க. 1950-ல அவங்க ஆர்மி 1939-ல இருந்ததை விட மூணு மடங்கு பெருசு, ஆனா ஜூலை 5 கொரியாப் போர்ல ஓசான் ஊர் பக்கத்துல முதல் முதலா இறக்கின சுமார் 540 பேர், ஜப்பான்ல காவல் டியூட்டி பாத்துக்கிட்டிருந்த பசங்க, வடகொரியாவோட டி-34 டாங்கை அடிச்சா ராக்கெட் துளைக்கவே இல்ல, டாங்கைத் துளைக்கிற பீரங்கிக் குண்டு மொத்தமே ஆறுதான் கையில. அதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு பதறுது. ஆள் இருந்துச்சு, குண்டும் பயிற்சியும் இல்ல, அதுக்கு விலை குடுத்தது அந்தப் பசங்க.

உங்க கேள்வியில பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஃபின்லாந்து 55 லட்சம் ஜனம்தான், முழுநேர வேலையில சுமார் 12,000 பேர், ஆனா போருன்னா 2,80,000 பேரை இறக்குற ஏற்பாடு இருக்கு. எப்படின்னா, ஆண்கள் எல்லாருக்கும் கட்டாயக் கடமை, அஞ்சரை மாசத்துலேர்ந்து ஏறக்குறைய ஒரு வருஷம் வரைக்கும் ட்ரெயினிங், அப்புறமும் ரிசர்வ்ல பேர் இருக்கும், கூப்பிட்டா பயிற்சிக்குப் போகணும். நிரந்தர ராணுவத்தைக் குறைங்கன்னு கேக்குறீங்க, நல்லது. உங்க வீட்டுப் பையனை ஒரு வருஷம் அனுப்பச் சம்மதமா? அதையும் சேர்த்து எழுதுங்க.